பதினான்கு இருக்கை வண்டி

ஒன்பது மாதம் மொச்சையைப் பழித்தேன்.
எல் ஆல்ட்டோ சந்தையில் அதைக் குவித்து விற்கிறவள்
பசிலியா, பசிலியா என்று கூப்பிட்டாள்;
காது கேளாதவள்போல் கடந்தேன்.
என் கணவர் மட்டும் வேகவைத்ததாய் வாங்கி
தச்சுப் பட்டறையில் மறைவாய்த் தின்றார்,
சட்டைப்பையில் தோல் கிடந்து பிடிபட்டார்.

என் வேலை கத்துவது.
பதினான்கு இருக்கை வண்டியின் கதவில் தொங்கியபடி
செஹா, செஹா, பெரெஸ், செஹா,
விடியற்காலை ஐந்திலிருந்து.
ஒரு கூவலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
சால்தேன்யாவில் ஒரு கடி;
உள்ளே குழம்பு வைத்து மூடிய பலகாரம், ஒழுகும்,
அதனால் அவசரத்துக்குள் ஓர் அவசரம்.
பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் பீச்பழத் தண்ணீரைக்
குழல் போட்டு உறிஞ்சுவேன்.
வாய் சும்மா இருந்தால் சூயிங்கம்.

மதியம் தாண்டினால்
பாவாடை நாடா இடுப்பில் கோடு கிழிக்கும்.
உள்ளே யாரோ குடிவந்து
மேசை நாற்காலியை
இழுத்து இழுத்துப் போடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கேபிள் காரில் லா பாஸுக்கு இறங்குவேன்.
இறங்குவதில் ஒன்றுமில்லை. ஏறுவதுதான்.
கடையில் தொங்கும் உருளை வறுவல் பாக்கெட்
இந்த உயரத்தில் தலையணையாய் உப்பி நிற்குமே,
நானும் அப்படி ஒரு பாக்கெட்.
எட்டுப் பேர், ஒரு கண்ணாடிப் பெட்டி, பத்து நிமிடம்.
ஒரு நாள் அடக்க முடியவில்லை.
சத்தமில்லை.
சத்தமிருந்தாலாவது இருமி மூடியிருக்கலாம்.
எட்டுப் பேரும் ஒரே நேரத்தில்
இல்லிமானி மலையின் பனியை
முதன்முதலாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.
பழி ஒருவர் மடியிலிருந்த நாய்க்குட்டிமேல் விழுந்தது.
அது மலையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தது.

டாக்டர் ஊர்கிதி சிரிக்கவில்லை,
பாதி வலி அங்கேயே போயிற்று.
எடை குறைந்ததா? ரத்தம் போகிறதா?
வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா?
இல்லை. இல்லை. இல்லை.
பால் குடித்தால் கூடுகிறதா?
பால் விலை தெரியுமா உங்களுக்கு?
என்ன தின்கிறீர்கள் என்று கேட்டவள்
எப்படித் தின்கிறீர்கள் என்றாள்.
பையில் பாதி ரொட்டி இருந்தது. தின்று காட்டினேன்,
வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே.
போதும் என்று கை காட்டினாள்.

மொச்சைக்கும் பங்கு உண்டாம்,
குடலின் கிருமிகள் அதைப் புளிக்கவைத்துப் பங்கு போடுமாம்.
ஆனால் பெரும்பங்கு என்னுடையது:
வாய்வழி உள்ளே போனதுதான் வாய்வு.
மூச்சுக்கே பற்றாத நாலாயிரம் மீட்டர் காற்று,
அதைக் கவளம் கவளமாய் விழுங்கியிருக்கிறேன்.
உலகம் காற்று வாங்க மலைக்கு வருகிறது.
நான் தின்றே தீர்த்திருக்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகலாம்?
பத்து, பதினைந்து, எல்லோருக்கும்தான், என்றாள்.
பிஷப்புக்குமா?
பிஷப்புக்கும்.
மறுநாள் வண்டி நிறைந்ததும்
பதினான்கு பேரைப் பதினைந்தால் பெருக்கிப் பார்த்து
ஜன்னலைத் திறந்துவைத்தேன்.

இப்போது பெரெஸ் நிறுத்தத்தில் ஏழு நிமிடம்
படியில் உட்கார்ந்து, தெருவுக்கு முதுகு காட்டி, தின்கிறேன்.
ஏழு நிமிடம் யாருக்கும் ஊர்ப்பெயர் கிடையாது.
ஓட்டுநர் எலியோதோரோ ஹாரனை அடிக்கிறான்;
என் தாடை அவன் தாளத்துக்கு ஆடாது.
நேற்று இரண்டு பேர் வேறு வண்டியில் ஏறிவிட்டார்கள்.
நஷ்டம்தான்.
குழலை விட்டேன். சூயிங்கத்தை முழுக்க விடவில்லை.
இரவுச் சோற்றுக்குப்பின் சந்துமுனைவரை நடக்கிறேன்.
சோம்புத் தண்ணீர் வேலை செய்கிறதா தெரியாது,
மணம் பிடித்திருக்கிறது.

சந்தைக்காரி முகம் திருப்பிக்கொண்டு அளந்து போட்டாள்.
ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி,
தோல் உரித்து, ஒரு கைப்பிடி.
இந்த வாரம் அவ்வளவே.

போன ஞாயிறு, ஏறும் பெட்டியில், வேறு யாரோ.
ஏழு முகமும் மலைக்குத் திரும்பின.
நான் எட்டிக் காற்றுப்பலகையை நெம்பிவிட்டு
என் இடத்தில் உட்கார்ந்தேன்.
யாரோ ஒருவருடைய
இன்றைய பதினைந்தில் ஒன்று.